மாநகராட்சியின் கடிவாளம் யார் கையில் இருக்க வேண்டும்?

2022 மார்ச் 2 அன்று பொறுப்பேற்ற தமிழக நகர்ப்புற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. நகர்ப்புறத் தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடையே ஒரே கேள்விதான் முன்னே வந்து நிற்கும்: மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பதா? முக்கியமான கேள்விதான். ஆனால் அது இரண்டாவது கேள்வி. மன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தை யார் ரத்து செய்யலாம், மன்றத்தையே யார் கலைக்கலாம், ஆணையரை யார் அனுப்பலாம், யார் மாற்றலாம், தேர்தல் தள்ளிப்போனால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பவை அதற்கு முன்னால் கேட்கப்பட வேண்டியவை. முதல் மூன்றுக்கும் இன்றைய பதில் மாநில அரசு. நான்காவதுக்குப் பதிலே இல்லை. இந்த நிலையை அப்படியே வைத்துக்கொண்டு மேயரை எந்த வழியில் தேர்ந்தெடுத்தாலும் நகரத்துக்குக் கிடைக்கப்போவது சொற்பம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மேயர் தேர்தல் முறை எத்தனை முறை புரண்டு படுத்திருக்கிறது என்று பாருங்கள். 1996இலும் 2001இலும் நேரடித் தேர்தல். 2006இல் மறைமுகத் தேர்தல். 2011இல் மீண்டும் நேரடி. 2016இல் மறைமுகம் என்று சட்டத்தை மாற்றினார்கள். 2018இல் நேரடி என்று திருப்பினார்கள். 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடியும் மறைமுகம் ஆக்கினார்கள். 2022 தேர்தல் அப்படித்தான் நடந்தது. இதில் எந்த மாற்றத்தையும் ஒரு நகரம் கேட்டு வாங்கவில்லை. கோட்டையில் இருந்த கட்சி தன் கணக்குக்கு ஏற்ப மாற்றியது. திமுக, அதிமுக இரண்டுக்கும் இதில் பங்கு உண்டு.

1882 மே மாதம் அன்றைய வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சி குறித்து வெளியிட்ட தீர்மானத்தில் ஒரு கருத்து உண்டு. நகர மன்றங்கள் மீது அரசுக்குக் கட்டுப்பாடு வேண்டும். ஆனால் அதை மன்றத்துக்கு உள்ளே அமர்ந்துகொண்டு செலுத்தக் கூடாது, வெளியே நின்று செலுத்த வேண்டும் என்பது அது. அந்நிய ஆட்சியில் வெளியான அரைகுறைச் சீர்திருத்தம்தான் அது. ஆனாலும் இன்றைய வழிகளை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. தணிக்கை, சட்டம், நீதிமன்றம், நிதி விதிமுறை ஆகியவை வெளியே நின்று செலுத்தும் கட்டுப்பாடு. கோப்பில் கையெழுத்திடும் அதிகாரியைத் தானே அனுப்பி, தானே மாற்றி, அவர் வழியாக அன்றாடம் ஆள்வது உள்ளே அமர்ந்த கட்டுப்பாடு.

1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம் தேர்தலையும் ஐந்தாண்டுக் காலத்தையும் கட்டாயமாக்கியது. மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம் இரண்டையும் கொண்டுவந்தது. பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பணிகளைப் பட்டியலிட்டது. ஆனால் அவற்றில் எவற்றை எந்த அளவுக்கு நகரங்களிடம் கொடுப்பது என்பதைச் சட்டமன்றங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. விளைவை இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறை 18 மாநிலங்களில் ஆராய்ந்து 2024 நவம்பரில் தொகுத்து வெளியிட்டது. சட்டத்தில் சராசரியாக 17 பணிகள் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. முழு அதிகாரத்தோடு நகரங்கள் செய்வது 4 பணிகளை மட்டுமே.

இப்போது உள்ளபடியே தொடர்வது

முதல் வழி எதையும் மாற்றாமல் விடுவது. இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. இதற்கு ஆதரவாக வலுவான வாதங்கள் இருக்கின்றன. சென்னையின் குடிநீர் பூண்டி, செம்பரம்பாக்கம், வீராணம் என்று நகர எல்லைக்கு வெளியிலிருந்து வருகிறது. கூவமும் அடையாறும் கொசஸ்தலையாறும் மாநகராட்சி எல்லையில் தொடங்குவதில்லை. ஐஏஎஸ் ஆணையருக்கு மற்ற துறைச் செயலாளர்களோடு நேரடித் தொடர்பு இருப்பதால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போன்ற நெருக்கடியில் தலைமைச் செயலகம் வரை ஒரே சங்கிலியாக உத்தரவு போய்ச் சேர்கிறது. அண்மையில் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த காரைக்குடி, நாமக்கல், திருவண்ணாமலை, புதுக்கோட்டை போன்ற ஊர்களுக்கு மாநிலத்தின் பொறியாளர்களும் நிதியும் இல்லாமல் அடுத்த அடி எடுத்து வைப்பது கடினம்.

ஆனால் கனமழை பெய்யும் நாளில் சென்னையின் ஒரு தெருவில் நின்று பார்த்தால் இந்த வழியின் விலை தெரியும். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அந்த வடிகால் போய் விழும் பக்கிங்காம் கால்வாயும் ஆறுகளும் நீர்வளத் துறையின் பொறுப்பில். பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பில். பெரிய சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையிடம். ஏரியின் மதகை எப்போது திறப்பது என்பது மாநிலத்தின் முடிவு; 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த முடிவின் எடை என்னவென்று அடையாற்றின் கரையில் இருந்தவர்கள் அறிவார்கள். தாழ்வான இடத்தில் பெரிய கட்டடத்துக்கு அனுமதி கொடுப்பது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ. அதன் தலைவர் ஒரு மாநில அமைச்சர். முழங்கால் தண்ணீரில் நிற்பவர் தேடிப் போவதோ தன் வார்டு கவுன்சிலரை. வாக்குக் கேட்டு வந்தவர் அவர்தானே. அவர் கையில் இவற்றில் எதற்குமே சாவி இல்லை.

இந்த நிலை இயற்கையாக அமைந்ததும் அல்ல. குடிநீரும் கழிவுநீரும் சென்னை மாநகராட்சியின் வேலையாகத்தான் இருந்தன. 1978இல் தனி வாரியம் அமைத்து அவை எடுக்கப்பட்டன. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே நில உபயோகத் திட்டமிடல் சிஎம்டிஏவிடம் போயிருந்தது, குடிசைப் பகுதி மேம்பாடு தனி வாரியத்துக்குப் போயிருந்தது. இந்தக் காலத்தில் பெரும்பகுதி சென்னைக்கு மன்றமே இல்லை என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மஸ்டர் ரோல் (பணியாளர் வருகைப் பதிவேடு) ஊழல் குற்றச்சாட்டை அடுத்து 1973இல் மன்றம் கலைக்கப்பட்டது. அதன் பிறகு 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவரும் மேயர் நாற்காலியில் உட்காரவில்லை. ஒரு தலைமுறை முழுவதும், மன்றத்துக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்களின் ஆட்சியில் வளர்ந்தது. 1688இல் தொடங்கிய மாநகராட்சி, இந்தியாவிலேயே பழமையானது என்று பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமையில் இந்த 23 ஆண்டு வெற்றிடம் பெரும்பாலும் சொல்லாமல் விடப்படுகிறது.

சாசனத் திருத்தம் வந்த பிறகும் அது நடந்தது. 2016 அக்டோபர் 4 அன்று, பழங்குடியினர் இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. முறையாக மறுபடி அறிவித்துச் சில மாதங்களில் நடத்தியிருக்க வேண்டிய தேர்தல், நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஐந்தாண்டுக்கும் மேலாகத் தமிழகத்தின் ஒவ்வொரு நகரத்தையும் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். கோவையில் குடிநீர் விநியோகத்தை 26 ஆண்டுகளுக்குச் சூயஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2018இல் கையெழுத்தானது. அன்று கோவையில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. அந்த ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். இன்று பிறக்கும் குழந்தை வேலைக்குப் போகும் வயது வரை நீளும் ஒரு முடிவில், கேள்வி கேட்கும் உரிமையுள்ள ஒரு கவுன்சிலர்கூட மேசையில் இல்லை என்பது எந்த வாதத்தாலும் சரிக்கட்ட முடியாத குறை.

மன்றம் இருக்கும்போதும் நிலை பெரிதாக வேறல்ல. 2022இல் மன்றங்கள் பொறுப்பேற்று ஒரு மாதம் ஆனதும் சொத்து வரி உயர்வை மாநில அரசு அறிவித்தது. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதம். உயர்வு தேவைதான், மத்திய நிதி ஆணைய மானியத்துக்கும் அது நிபந்தனையாக இருந்தது. ஆனால் எவ்வளவு, யாருக்கு என்ற விகிதங்களை அரசு வகுத்த பிறகே மன்றங்களில் தீர்மானம் வந்தது. சென்னைக்கும் ஒரு சிறு நகராட்சிக்கும் வரியில் என்ன வேறுபாடு இருக்க வேண்டும் என்று அந்தந்த ஊர் விவாதித்து முடிவெடுக்கவில்லை. 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் நாள்கணக்கில் அமர்ந்து போராடினார்கள். அவர்கள் எதிர்த்தது மாநகராட்சி குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் ஒப்படைப்பதை. பேச்சுவார்த்தையில் முன்னே நின்றவர்கள் மாநில அமைச்சர்கள். அந்தத் தொழிலாளர்களுக்குத் தங்கள் முதலாளி உண்மையில் யார் என்பது அன்று தெளிவாகவே தெரிந்திருக்கும்.

மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர்

இதுதான் எல்லோருக்கும் பிடித்த வழி. வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையமும் 2007இல் இதைத்தான் பரிந்துரைத்தது: மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், நிர்வாகத் தலைவரும் அவரே, ஆணையர் அவர் ஒப்படைக்கும் பணிகளைச் செய்ய வேண்டும். நகரத்துக்கு ஒரு முகம் கிடைக்கும். கவுன்சிலர்களை விடுதியில் அடைத்துவைத்து வாக்கு சேகரிக்கும் அசிங்கம் மறையும்.

தமிழகத்தில் பலர் இதற்குச் சான்றாக 1996–2001 காலத்துச் சென்னையைச் சுட்டுகிறார்கள். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயராக மு.க. ஸ்டாலின் இருந்தார், மேம்பாலங்கள் எழுந்தன, மாநகராட்சி என்று ஒன்று இருக்கிறது என்பது மக்களுக்குத் தெரிந்தது. உண்மை. ஆனால் அந்த ஐந்தாண்டில் பெரும்பகுதியும் கோட்டையில் முதல்வராக இருந்தவர் அவருடைய தந்தை. எனவே அந்த வேகம் நேரடித் தேர்தலால் வந்ததா, மாநிலத்தின் முழு ஆதரவால் வந்ததா என்பதைப் பிரித்துச் சொல்ல முடியாது. சோதனை அடுத்த முறை வந்தது. 2001இல் அவரே மீண்டும் நேரடியாக மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாநிலத்தில் அதிமுக ஆட்சி. 2002இல் ஒருவர் சட்டமன்ற உறுப்பினராகவும் மேயராகவும் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாது என்று சட்டத் திருத்தம் வந்தது, வழக்கு நடந்தது, முடிவில் அவருடைய மேயர் பதவி பாதியில் நின்றது. துணை மேயர் பொறுப்பேற்றார். ஒருவருக்கு ஒரு பதவி என்பது கொள்கையளவில் எனக்கு உடன்பாடே. ஆனால் லட்சக்கணக்கானோர் நேரடியாக வாக்களித்தும் அந்த மேயர் பதவி மாநிலச் சட்டத்தின் ஒரு திருத்தத்துக்கு முன் எவ்வளவு மெலிந்தது என்பதையே அந்த நிகழ்வு காட்டியது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிம்லாவில் 2012இல் மேயரையும் துணை மேயரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இருவரும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள். மன்றத்திலோ அக்கட்சிக்குச் சில இடங்களே. மக்கள் மேயரை நம்பினார்கள். மன்றம் வேறு கட்சிகளின் கையில். அந்த முறை பின்னர் கைவிடப்பட்டது. மத்தியப் பிரதேசத்தில் நேரடி மேயரோடு அவருக்கு ஒரு செயற்குழுவும் சேர்ந்து இருக்கிறது. இந்தூர் அப்படித்தான் நடக்கிறது. அது ஓரளவு ஒழுங்கான அமைப்பு. ஆயினும் அங்கேயும் 2019இல் ஒரு ஆட்சி மறைமுகத் தேர்தலுக்கு மாற்றியது, அடுத்த ஆட்சி மேயர்களுக்கு நேரடித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவந்து 2022இல் நடத்தியது. நம் கதையேதான். உத்தரப் பிரதேசத்தில் மேயர் நேரடித் தேர்தலில் வருகிறார், நிர்வாகமோ ஆணையரிடம் இருக்கிறது. வாக்கு பெரிதாகி அதிகாரம் சிறிதாகவே இருந்தால், மக்களின் ஏமாற்றம்தான் கூடும்.

கொல்கத்தா: மேயரும் அவருடைய செயற்குழுவும்

சென்னையும் கொல்கத்தாவும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் மன்றத்தை இழந்தன. அங்கே 1972, இங்கே 1973. கொல்கத்தா வேறு வழியில் மீண்டது. 1980இல் புதிய சட்டம் இயற்றினார்கள், 1985இல் தேர்தல் நடத்தினார்கள். அந்தச் சட்டத்தில் மேயர், கவுன்சிலர்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களைக் கொண்ட செயற்குழு ஒன்றுக்குத் தலைவர். ஒருவருக்குக் குப்பை, ஒருவருக்குச் சாலை, ஒருவருக்குக் குடிநீர் என்று பொறுப்பு பிரிக்கப்படுகிறது. நிர்வாக அதிகாரம் அந்தக் குழுவிடம். ஆணையர் மேயரின் மேற்பார்வையில் இயங்கும் தலைமை அலுவலர். மன்றக் கூட்டத்தை நடத்தத் தனித் தலைவர். அமைச்சரவை எப்படிச் சட்டமன்றத்துக்குப் பதில் சொல்கிறதோ அப்படி இந்தக் குழு மன்றத்துக்குப் பதில் சொல்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று: கேள்வி கேட்க ஒரு முகவரி கிடைக்கிறது. சென்னையில் நிலைக்குழுக்கள் உண்டு. அவை பரிந்துரைக்கும், விவாதிக்கும், அவ்வளவுதான். கொல்கத்தாவில் குப்பைப் பொறுப்பில் உள்ள உறுப்பினர் குப்பைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 2000இல் மாநிலத்தில் இடதுசாரிகள் ஆண்டபோது மாநகராட்சியைத் திரிணமூல் வென்று ஐந்தாண்டு நடத்தியது. எதிர்க்கட்சி கையில் இருந்தும் மாநகராட்சி இயங்கியது என்பது இந்த அமைப்புக்கு ஒரு நற்சான்று.

ஆனால் மாநிலத்தின் தலையீட்டைத் தடுக்கும் வேலி இங்கேயும் இல்லை. 2018 நவம்பரில், கவுன்சிலர் அல்லாத ஒருவர் மேயராகி ஆறு மாதத்துக்குள் வென்று வரலாம் என்று மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. அடுத்த மாதமே மாநில அமைச்சர் ஃபிர்ஹாத் ஹக்கீம் மேயரானார், அமைச்சராகவும் நீடித்தார். ஆற்றின் அக்கரையில் உள்ள ஹவுராவில் 2018 டிசம்பரில் மன்றக் காலம் முடிந்த பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லை. செயற்குழு முறை நகரத்தின் உள்வீட்டை ஒழுங்காக்குகிறது. வெளிக்கதவின் பூட்டு மாநிலத்திடமே இருக்கிறது.

பெங்களூரு: முதல்வரே தலைவர்

இந்த வழியைப் பற்றி நீளமாக எழுத எனக்கு மனமில்லை. 2024ஆம் ஆண்டுச் சட்டப்படி 2025இல் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுக்கு மேல் முதல்வரைத் தலைவராகக் கொண்ட பெருநகர ஆணையம். குடிநீர், போக்குவரத்து, திட்டமிடல் ஆகியவற்றை ஒரு மேசைக்குக் கொண்டுவரும் நோக்கம் நல்லதே. பெரிய நகரத்தைப் பிரித்தால் மன்றம் மக்களுக்கு அருகில் வரும் என்பதும் சரி. ஆனால் முந்தைய மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது; புதிய மாநகராட்சிகள் பிறக்கும் வரை ஒரு தேர்தல்கூட நடத்தப்படவில்லை. வாக்காளர்களிடம் கேட்காமலேயே அவர்களுடைய நகரத்தை ஐந்தாகப் பிரித்தார்கள். முதல்வரை மேலே உட்கார வைப்பது, உள்ளே அமர்ந்த கட்டுப்பாட்டின் முழு வடிவம். 426 சதுர கிலோமீட்டர் பரப்பும் 200 வார்டுகளும் கொண்ட சென்னையையும் பிரிக்க வேண்டும் என்று சிலர் சொல்வதைக் கேட்கிறேன். பெங்களூரு வரிசையில் அதைச் செய்யக் கூடாது: முதலில் தேர்தல், பிறகு மன்றத்தின் கருத்து, அதன் பின்னர்தான் கத்தரிக்கோல்.

கேரளம்: மாநிலத்தின் கைக்கு ஒரு வேலி

கேரளத்தில் மேயரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் நம் விவாதங்களில் கேரளம் பெரும்பாலும் வருவதில்லை. எனக்கோ மற்ற எல்லா இடங்களையும்விடக் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் அதுவே. 1994ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தில், பின்னர் வந்த திருத்தங்களோடு, மாநில அரசின் கைக்கு எல்லை போட்டிருக்கிறார்கள். மன்றத் தீர்மானம் சட்டத்துக்குப் புறம்பானது என்று அரசு கருதினால் அதை நேராக ரத்து செய்துவிட முடியாது. ஆம்புட்ஸ்மேன் எனப்படும் முறைமன்ற நடுவர் அல்லது தீர்ப்பாயத்தின் பரிசீலனைக்கு முதலில் அனுப்ப வேண்டும். அரசின் கட்டுப்பாடு போய்விடவில்லை. ஆனால் அது காரணம் எழுதி, மூன்றாம் ஒருவர் முன் நிரூபிக்க வேண்டிய கட்டுப்பாடாக மாறிவிட்டது.

பணத்திலும் அப்படியே. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் மாநிலத் திட்ட நிதியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். எதற்குச் செலவழிப்பது என்பதில் பெரும்பகுதியை அவர்களிடமே விட்டார்கள். தேர்தல் 1995இலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிறது. பெருந்தொற்று உச்சத்திலும் ஒரு மாதம் சொச்சம் மட்டுமே தள்ளி 2020 டிசம்பரில் நடத்தி முடித்தார்கள். 2025 டிசம்பரில் மறுபடியும். ஆளும் கூட்டணி மாறினாலும் இந்த வரிசை மாறவில்லை.

கேரள நகரங்களில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கொச்சியில் 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது. நகரமே புகையில் மூச்சுத் திணறியது. அதிகாரம் கிடைத்த மன்றமும் தோற்கும். வேறுபாடு, தோற்றவர்களைத் தண்டிக்கும் நாள் எது என்று அங்குள்ள வாக்காளருக்கு முன்கூட்டியே தெரியும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

என் தேர்வு, கேரளத்தின் வேலியும் கொல்கத்தாவின் செயற்குழுவும் சேர்ந்தது. வேலி முதலில். நேரடித் தேர்தலை நான் எதிர்க்கவில்லை. வேலி போட்ட பிறகு அதைப் பேசலாம். வேலி இல்லாமல் நேரடி மேயரைக் கொண்டுவந்தால், மாநிலத்தின் கட்சியும் நகரத்தின் கட்சியும் வேறாகும் முதல் முறையே 2002 திரும்பும்.

இதற்கு வரும் வலுவான எதிர்வாதம் ஊழல். கவுன்சிலர்கள் கையில் அதிகாரத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு வீட்டுக் கட்டுமானத்திலும் பங்கு கேட்பார்கள் என்ற அச்சம் கற்பனை அல்ல. வீடு கட்டிய எவரையும் கேட்டால் சொல்வார்கள். இந்த அச்சத்தைத் தட்டிக்கழித்துவிட்டு மன்றத்துக்கு அதிகாரம் கேட்பது நேர்மையாகாது. ஆனால் 2025இல் மதுரையில் வெளிவந்த சொத்து வரி முறைகேட்டைப் பாருங்கள்: கைதானவர்களில் மாநகராட்சி அலுவலர்களும் உண்டு, மேயரின் கணவரும் உண்டு. மேயர் பதவி விலக நேர்ந்தது. ஊழல் தேர்ந்தெடுக்கப்பட்டவர், நியமிக்கப்பட்டவர் என்று பார்த்து வருவதில்லை. சென்னை, கோவை மாநகராட்சிகளின் டெண்டர்கள் குறித்து 2021இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிவு செய்தபோது, விசாரணைக்கு வந்த காலத்தில் மன்றமே இல்லாத ஆண்டுகளும் இருந்தன. தவறு செய்த கவுன்சிலர் மீது நடவடிக்கை வேண்டும், கட்டாயம் வேண்டும். 2025 மார்ச்சில் சென்னையிலும் தாம்பரத்திலும் சில கவுன்சிலர்களை அரசு உத்தரவு மூலம் பதவி நீக்கியது. குற்றச்சாட்டுகள் சரியாகவே இருக்கலாம். ஆயினும் மக்கள் தேர்ந்தெடுத்தவரை நீக்கும் முடிவு, அவருக்குப் போட்டியான கட்சியே ஆளக்கூடிய ஓர் அரசின் கையெழுத்தில் இருக்கக் கூடாது.

இதற்கான கருவி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழகத்தில் உள்ளாட்சி முறைமன்ற நடுவர் அமைப்பு உண்டு. இன்று அது உள்ளாட்சிகள் மீதான முறைகேட்டுப் புகார்களை விசாரிக்கிறது. தீர்மானத்தை ரத்து செய்தல், உறுப்பினரை நீக்குதல், மன்றத்தைக் கலைத்தல் ஆகிய மூன்றிலும் அரசு அங்கே போய்க் காரணம் சொல்ல வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டத்தில் சேர்க்கலாம். அந்தச் சட்டமே 1998இல் இயற்றப்பட்டு, நிறுத்திவைக்கப்பட்டு, 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. திருத்த முடியாத அளவுக்குப் பழகிப்போன ஒன்றல்ல. சாசனத் திருத்தம் தேவையில்லை, டெல்லியைக் கேட்கத் தேவையில்லை.

செயற்குழு முறையை எல்லா ஊருக்கும் ஒரே நாளில் கொண்டுவர வேண்டியதில்லை. சென்னை, கோவை, மதுரையில் தொடங்கலாம். அங்கே பொறியாளர்களும் வருவாயும் உண்டு. புதிய மாநகராட்சிகளில் இப்போதைய ஆணையர் முறை சில காலம் தொடரட்டும். ஆனால் வேலி அவற்றுக்கும் முதல் நாளிலிருந்தே வேண்டும். ஆணையரை மாநிலமே அனுப்பட்டும். குறைந்தது இரண்டு ஆண்டுக்கு மாற்றக் கூடாது, ஆண்டு மதிப்பீட்டில் மேயரின் குறிப்பும் இடம்பெற வேண்டும். மாநில அரசு விட்டுக்கொடுக்கக் கூடாதவையும் இருக்கின்றன: தணிக்கை, கடன் வரம்பு, ஏழை நகரங்களுக்கும் பணக்கார நகரங்களுக்கும் இடையே நிதியைப் பகிர்ந்தளித்தல், நகர எல்லை தாண்டிய ஆறுகளும் ஏரிகளும். இவற்றை ரிப்பன் மாளிகையிடம் கொடுத்தால் திருவள்ளூரும் காஞ்சிபுரமும்தான் அடிபடும்.

தேர்தல் நாளுக்கு வேலி போடுவது இவற்றில் கடினமானது. மாநிலத் தேர்தல் ஆணையம் சாசன அமைப்புதான். ஐந்தாண்டு முடியும் முன் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று 2006இல் கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் எந்த வார்டு பெண்களுக்கு, எந்த மேயர் பதவி பட்டியலினத்தவருக்கு என்ற இடஒதுக்கீட்டு அறிவிக்கையை அரசுதான் வெளியிடுகிறது. அது தாமதமானாலோ, விதி தவறி வெளிவந்து நீதிமன்றத்தில் விழுந்தாலோ, ஆணையத்தால் நாள் குறிக்க இயலாது. 2016இல் தொடங்கிய முடிச்சு இங்கேதான். 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2025 ஜனவரியில் காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்ததையும் பார்த்துவிட்டோம். ஆகவே வார்டு வரையறையோடு இடஒதுக்கீட்டு வேலையையும் ஆணையத்திடமே ஒப்படைத்து, மன்றக் காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே அறிவிக்கை வெளியாக வேண்டும் என்று சட்டத்தில் எழுத வேண்டும். வார்டுக்கு வாக்குக் கேட்டு வருபவரிடமும், அவர் கட்சியின் சட்டமன்ற உறுப்பினரிடமும் நான் கேட்கப்போவது இந்தத் திருத்தத்துக்கு ஆதரவா இல்லையா என்பதைத்தான்.